மூடிய விளக்குக்குள் ஒரு பொட்டு

போன வாரம் மகளுக்குப் பாவாடை சட்டை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பிரிக்ஃபீல்ட்ஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். பூக்கடைப் பக்கம் மல்லிகை வாசம் வருமே என்று நான் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியிருந்தேன். வந்தது வேறு வாசம்.

"அம்மா, யாரோ மிட்டாய் காய்ச்சுறாங்க" என்றாள் யாழினி, பின்னாலிருந்து.

மிட்டாய் இல்லை. முன்னால் நின்ற ஏதோ ஒரு பழைய காரில், இன்ஜினைக் குளிர வைக்கிற கூலண்ட் கசிந்து சூடான இரும்பில் சொட்டிக்கொண்டிருந்தது. சர்க்கரைப் பாகு கருகுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் வருமே, அந்த வாசம். என் கண் தானாகவே வெப்பமானி முள்ளைத் தேடியது. இப்போதைய எங்கள் காரில் முள்ளே கிடையாது. எல்லாம் சரியாக இருந்தால் அது எதையுமே காட்டாது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கணவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வாசம் வந்திருக்கும். எனக்கு முன்பே வந்திருக்கும்.

உங்களுக்கும் அப்படி ஒரு வாசம் இருக்கும். தைலமோ, பழைய அலமாரியோ. எனக்குப் பிள்ளை பிறந்த வருடத்தின் வாசம் இந்தக் கூலண்ட்தான். பவுடர் வாசத்தோடும் பால் வாசத்தோடும் அது எப்படியோ கலந்துவிட்டது.

அந்த வாசம் வீசிய எங்கள் பழைய காரை வாங்கியபோது எனக்கு மசக்கை தீர்ந்து வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. சாலாக் செலாத்தானில் ஒரு சீன அங்கிள் வீட்டு வாசலில் அது நின்றது. சிவப்பு, இரண்டே கதவு, தரையோடு தரையாக. முன் விளக்குகள் இரண்டும் மூடிக்குள் ஒளிந்திருக்கும். பொத்தானை அழுத்தினால் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும். மீட்டர் மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. நான் குனிய முடியாமல் குனிந்து அடியில் பார்த்து, "அங்கிள், ஆயில் லீக் ஆகுதே" என்றேன். அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினாற்போல் பிடித்து, "சிக்கிட் லா" என்றார். கொஞ்சம்தானாம்.

என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். எங்கள் கல்யாணத்தன்று அந்த முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க முயன்றேன். ஒப்பிடாமல் இருப்பதே நல்லது என்று விட்டுவிட்டேன்.

அவர் கம்போங் மேடானில், அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவர். மேலிருந்து பார்த்தால் கீழே நிற்கும் கார்களின் கூரைகள்தான் தெரியும் என்பார். மற்ற பிள்ளைகள் காற்றாடிக்கு அண்ணாந்தபோது, இவர் குனிந்து எந்தக் கூரை எந்தக் கார் என்று சொல்லிக்கொண்டிருப்பாராம். கிள்ளானில் நாங்கள் வாங்கிய வரிசை வீட்டில் அவருக்குப் பிடித்த அறை எது என்று கேட்டால், வாசலில் கார் நிறுத்துகிற போர்ச் என்பார். அது அறையே இல்லை என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

நானோ செராஸில், அப்பா கார் ஓட்டினால் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு சிவப்புச் சிக்னல் விழுந்துவிட்டதா என்று சேர்த்துப் பார்க்கிற பிள்ளை. படித்து முடித்துச் சேர்ந்த வேலையும் காப்புறுதிக் கம்பெனியில், விபத்துக் கோரிக்கைப் பிரிவில். காலையிலிருந்து மாலை வரை நசுங்கிய கார்களின் படங்கள். "உன் டேபிளுக்கு வர்றது எல்லாம் இடிச்ச காருதான். ஒழுங்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவன் எவனாச்சும் உனக்குப் பைல் அனுப்புவானா?" என்று என் கணவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் நியாயமான கேள்விகளுக்கெல்லாம் என் பயம் கட்டுப்படாது.

காரைக் கிள்ளானில் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ஐயர் சந்தனக் கிண்ணத்தோடு முன்னால் வந்து, பொட்டு வைக்க விளக்கைத் தேடினார். வழுவழுவென்று வெறும் மூடிதான் இருந்தது. "கண்ணைத் திறக்கச் சொல்லுங்கோ" என்றார். என் கணவர் உள்ளே போய்ப் பொத்தானை அழுத்த, ஒரு விளக்குதான் எழுந்தது. மற்றது பாதியில் நின்றுவிட்டது.

"என்னடா சரவணா, உன் காரு ஐயரைப் பார்த்துக் கண்ணடிக்குது" என்றார் என் மாமியார். வரிசையில் அடுத்துப் புது வேனோடு நின்ற குடும்பமே சிரித்தது. இவர் மூடியை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்ட, அதுவும் எழுந்தது. இரண்டு விளக்குக் கண்ணாடியிலும் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்தார் ஐயர். பூசை முடிந்து விளக்குகளை மூடியதும் பொட்டும் உள்ளே போய்விட்டது. கோயிலுக்கு வந்த காரின் அடையாளமே வெளியே இல்லை. மற்ற கார்களின் பொட்டை எல்லாம் மழை கழுவிவிடும். எங்களுடையது உள்ளேயே இருந்தது. விளக்குப் போடும் நேரத்தில் மட்டும் வெளியே வரும்.

பிள்ளை பிறந்தது. அறுவை செய்துதான் எடுத்தார்கள். பேறுகால விடுப்பில் வீட்டோடு இருந்த நான், வேறு எதிலும் மனம் நிற்காமல், இரண்டு விஷயங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஒன்று பிள்ளையின் பேம்பர்ஸ். இன்னொன்று காரின் அடியில் விரித்த அட்டை. அந்த அட்டையும் பேம்பர்ஸ் வந்த பெட்டியைப் பிரித்து விரித்ததுதான். காலையில் இவர் வேலைக்குப் பைக்கில் போன பிறகு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போர்ச்சுக்குப் போவேன். அட்டையில் கறுப்புச் சொட்டு என்றால் இன்ஜின் ஆயில். சிவப்பு என்றால் ஸ்டியரிங் பக்கம். பச்சை என்றால் கூலண்ட். சாயங்காலம் அவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் இரண்டு அறிக்கையும் தயாராக இருக்கும்.

"பச்சையா?"

"காருக்கா, பிள்ளைக்கா?"

சிரிப்போம். ஆம், சிரித்தோம். அதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் அந்தக் காரை வெறுத்தேன் என்று நினைத்துவிடுவீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் அவர் அதன் அடியில் படுத்திருப்பார். காரைத் தூக்கி நிறுத்திய இரும்புத் தாங்கிகள் சரியாக நிற்கின்றனவா என்று நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் விசிலடிப்பது தரையிலிருந்து வரும். விசில் நின்றால் உடனே கூப்பிடுவேன். "உசிரோடதான் இருக்கேன்மா" என்று பதில் வரும். கசிவுகள் ஒவ்வொன்றாக நின்றன. அட்டை வெளுக்க வெளுக்க அவருக்கு உற்சாகம் கூடியது. எனக்குக் கவலை கூடியது. கார் தயாராகிவிட்டால் பிள்ளையை அதில் ஏற்ற வேண்டும் அல்லவா?

அதனால் நான் ஒரு நிபந்தனை வைத்தேன். பிரேக் முழுதாகப் பார்த்து முடிக்கும்வரை யாழினி அதில் ஏறக் கூடாது. அவர் உடனே ஒத்துக்கொண்டார். பிள்ளைக்குக் காது குத்த பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலுக்குப் போக நாள் பார்த்திருந்தது. அன்றைக்குத் தன் காரில்தான் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை.

பிரேக்கில் பழைய எண்ணெயை மாற்றி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சக்கரத்தருகே சிறு திருகாணியைத் திறந்து மூட வேண்டும். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து மிதியை மிதிக்க வேண்டும். உள்ளே நான். தையல் இழுக்க, அந்தப் பள்ளமான இருக்கையில் இறங்கி உட்கார்ந்தேன். அவர் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும்.

"அழுத்து... அழுத்து... பிடி."

பிடிப்பேன். அவர் திருகாணியைத் திறக்க, என் காலுக்குக் கீழே மிதி மெதுவாக அமிழும். அவர் மூடிய பிறகு, "விடு."

மூடுவதற்கு முன் நான் காலை எடுத்துவிட்டால் காற்று உள்ளே போய்விடும். காற்று இருந்தால் அவசரத்தில் பிரேக் பிடிக்காது. அதை அவர் விளக்கியிருக்க வேண்டாம். விளக்கிவிட்டார்.

அறுவைக்கு முடிவெடுக்கும் முன், பிரசவ அறையில் தாதி கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன சொற்களும் ஏறக்குறைய இவைதான். அன்றும் நான் சரியாகச் செய்கிறேனா என்று தெரியாமல்தான் செய்தேன்.

மூன்று சக்கரம் முடிந்து நான்காவதில் இருந்தபோது வீட்டுக்குள் யாழினி வீறிட்டாள். மாமியார் சமாதானம் செய்யும் குரலும் கேட்டது. அந்தக் கணத்தில் என் கால் அசைந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியாது. "நான் காலைத் தூக்கிட்டேன்னு நினைக்கிறேன்" என்று உடனே சொன்னேன்.

அவர் எழுந்து வந்து மிதியை அழுத்திப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு. தூக்கலை நீ."

"இன்னொரு தடவை செய்வோம்ங்க."

செய்தோம். குழாயில் ஒரு குமிழிகூட வரவில்லை. "இன்னொரு தடவை" என்றேன். அதையும் செய்தார். எண்ணெய் டின் தீர்ந்துபோய், கடைக்குப் போய் வேறு வாங்கி வந்து மறுபடியும் நான்கு சக்கரத்தையும் முதலிலிருந்து செய்தார். முடிந்ததும் கதவருகே குந்தி உட்கார்ந்து, துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"பிரேக்கை நம்பலையா, என்னையா?"

கோபமாகக் கேட்கவில்லை. அவர் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

காது குத்தப் போனோம். முன் இருக்கையை மடக்கி, நான் பின்னால் ஊர்ந்து போய், பிள்ளை இருக்கைக்குப் பக்கத்தில் முட்டி மடங்க உட்கார்ந்தேன். மாமியார் முன்னால். ஃபெடரல் நெடுஞ்சாலையில் மழை பிடித்துக்கொண்டது. இவர் விளக்குகளை எழுப்பினார். பின்னாலிருந்து எனக்கு அந்தக் கண்களின் முதுகுதான் தெரியும். முன்னால் வருகிற உலகத்துக்குப் பொட்டு தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனாலும் கிள்ளானிலிருந்து என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டேதான் வந்தது.

முன்னால் போன லோரியின் சிவப்பு விளக்கு திடீரென்று எரிந்தது. இவர் பிரேக்கை மிதித்தார். நான் கத்தினேன்.

"பிடி! விடாதீங்க, பிடி!"

கார் நின்றது. கொஞ்சமும் சறுக்காமல், கோணாமல், லோரிக்கும் எங்களுக்கும் நடுவில் இன்னொரு கார் நிற்கலாம் போல இடம் விட்டு நின்றது. பிள்ளை விழித்து அலறினாள். மாமியார் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த பெட்ரோல் நிலையத்தில் அவர் காரை ஓரம் கட்டினார். இன்ஜினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நின்னுச்சு. பார்த்தல்ல? நின்னுச்சு."

"பார்த்தேன்."

"லோரி எனக்குப் பயம் காட்டலைமா. நீ கத்தினதுதான். இன்னொரு தடவை அப்படிக் கத்தினா நான் எங்கயாவது கொண்டுபோய் இடிச்சிடுவேன்."

மாமியார் திரும்பி, "விடுடா, பிள்ளை பெத்தவ" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. கோயிலில் யாழினி காது குத்தும்போதுகூட அவ்வளவு அழவில்லை.

விற்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இதைப் பலமுறை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வாயால் கேட்கவில்லை. அவரே கைப்பேசியில் படம் எடுத்து விற்பனைக்குப் போட்டார். ஒரு மலாய்க்கார இளைஞன் ஷா ஆலமிலிருந்து வந்தான். மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போர்ச்சில் ஏறினான். அடியில் படுத்துப் பார்த்து, "அழகா வச்சிருக்கீங்க அண்ணே" என்ற பொருளில் என்னவோ சொன்னான். பிறகு விளக்குப் பொத்தானை அழுத்தினான். இரண்டும் ஒன்றாக எழுந்தன. விளக்கைத் தூக்குகிற மோட்டாரையும் இவர் சரி செய்திருந்தார். சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. குங்குமம் மட்டும் கண்ணாடியோடு ஒட்டி, கருஞ்சிவப்பாக இருந்தது.

இவர் அவசரமாகத் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தார். "தாப்பா பாங்" என்றான் அந்தப் பையன். பரவாயில்லை அண்ணே, இருக்கட்டும். இவர் துணியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார். கார் எங்கள் தெருவைக் கடந்து திரும்பும்வரை விளக்குகளை அவன் இறக்கவே இல்லை.

போர்ச் தரைக்கு இப்போது ஓடு பதித்துவிட்டோம். அதற்குக் கீழேதான் அந்த எண்ணெய்க் கறைகள் எல்லாம் இருக்கின்றன. இப்போதைய காரை சர்வீஸ் நிலையத்தில் விட்டால் அவர்களே எல்லாம் பார்த்துவிடுகிறார்கள். குளிர்ந்த அறையில் இருவரும் ஆளுக்கொரு கைப்பேசியோடு உட்கார்ந்திருப்போம். காப்பி இலவசம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் யாழினிக்குச் சைக்கிள் பழக்குகிறார். நல்ல தகப்பன். அவர் விசிலடித்து நான் எப்போது கடைசியாகக் கேட்டேன் என்று யோசித்தால் பிடிபடவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் சிக்னல் பச்சையானது. முன்னால் இருந்த கார்கள் நகர்ந்தன. அந்த இனிப்பு வாசம் எந்தக் காரிலிருந்து வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. அவர் தன் பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, வாசம் தேய்ந்து போகும்வரை வைத்திருந்து, பிறகு ஏற்றினார்.

"கண்ணாடியை ஏத்துமா, ஏர்கோன் வீணாகுது" என்றார்.

ஏற்றினேன். அப்போதுதான் கவனித்தேன். இத்தனை பாதுகாப்பான காரில், ஊர்ந்து ஊர்ந்து போகிற நெரிசலில், என் வலது கால் தரையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. விடு என்று யாரும் சொல்லவில்லை.