கழுவி வைத்த கற்கள்

எங்கள் மாமாவின் கண்ணைக் கெடுத்தவள் நான்தான். இப்போது இப்படிப் பட்டென்று சொல்லிவிட முடிகிறது. அப்போது எனக்கு ஒன்பது வயது. என்னைப் போல் சமர்த்து அன்னவாசல் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது என்கிற நினைப்பு வேறு.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் தேறிவிட்டு, மெடிக்கல் டெஸ்டுக்கு நாள் எண்ணிக்கொண்டு எங்கள் வீட்டில் இருந்தார். சும்மா இருக்கிற ஆளா அவர்? செல்போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் சக்கிமுக்கிக் கல்லை மணலில் புதைத்து மெல்லச் சூடாக்க, மங்கிய மஞ்சள் கல் செக்கச்செவேலென்று மாறுவதைப் பார்த்துவிட்டார். உடனே கண்மாய்க் கரையில் பொறுக்கிவந்த கற்களைப் பத்து நாள் மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டார்.

"ஈரம் மட்டும் ஆகாது ஆத்தா, வெடிச்சிரும்" என்று சொல்லி என்னைக் காவலும் வைத்தார்.

பதினோராம் நாள் காலையில், கடலை வறுக்கும் இரும்புச் சட்டியை அம்மாவிடம் கேட்டார். அதுதான் வினை.

"கண்மாய்க் கரையில கெடந்த கல்லு! ஆடும் நாயும் என்னென்ன பண்ணுச்சோ. வெள்ளிக்கெழமையும் அதுவுமா என் சட்டியில போடுவியாடா?"

மாமா கெஞ்சிக் கூத்தாடிச் சட்டியை வாங்கிவிட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. தீட்டுக் கல்லைப் போட்ட சட்டியில் நாளைக்குக் கடலை வறுத்துத் தின்பது எப்படி? மாமா மணல் அள்ளிவரப் போன நேரம், ஒருவருக்கும் தெரியாமல் கற்களை வாளியில் போட்டு மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஊறவைத்தேன். சாயங்காலம் ஒவ்வொன்றாகப் பாவாடையில் அழுத்தித் துடைத்து, இருந்த இடத்திலேயே பரப்பினேன். துடைத்தாயிற்று, இனி ஈரம் ஏது?

விளக்கு வைக்கும் நேரத்தில், மணலும் கல்லுமாகச் சட்டி கொல்லை அடுப்பில் ஏறியது. மாமா ஒவ்வொரு சுள்ளியாகத்தான் வைத்தார். அரை மணி நேரம் போயிருக்கும். நிறம் மாறிவிட்டதா என்று மணலைக் கிளறக் குனிந்தார்.

டமார்!

மணல் என் முகத்தில் வந்து அடித்தது. மாமா இடது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கில் ரத்தம். மாமா மற்றக் கண்ணால் என் கைகளைப் பார்த்தார். மணிக்கட்டு வரை மஞ்சள். சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அம்மா ஓடிவந்தார். "ஐயோ, என் தம்பி கண்ணு போச்சே! என்னடா பண்ணித் தொலச்ச?"

"நாந்தான்க்கா... அவசரப்பட்டுத் தீயக் கூட்டிப்புட்டேன்."

ஆஸ்பத்திரியில் சில்லை எடுத்தார்கள். கண் பிழைத்தது, பார்வை மங்கிவிட்டது. மெடிக்கல் டெஸ்டில் மாமாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று அம்மா உலை வைக்கவில்லை.

வெடித்த மறுநாளே, ஆறிய மணலைக் கிளறி நான் மீதிக் கற்களைப் பார்த்திருந்தேன். அத்தனை சிவப்பு, அத்தனை அழகு. சொல்லவே இன்றைக்கும் கூசுகிறது.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் மாமாவை அவசரக்குடுக்கை என்று திட்டிவிட்டுத்தான் காபி குடித்தார்கள். நானும் நம்பினேன். அவரே தன் வாயால் சொன்ன பிறகு எனக்கென்ன சந்தேகம்? ஒருநாள் அவர் எதிரில் இடுப்பில் கைவைத்து நின்று சொன்னேன்:

"எல்லாத்துலயும் ஒங்களுக்கு அவசரம் மாமா. பொறுமையா இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?"

"ஆமாத்தா, எம்மேலதான் தப்பு" என்று சிரித்தார்.

தப்பை ஒப்புக்கொண்டாரே என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. இனிமேலாவது பொறுமையாக இருக்கச் சொல்லிவிட்டு விளையாடப் போனேன்.