நைனாவின் கன்னம்

எங்கள் நைனா பக்கிரிசாமி, நகரியில் நாற்பது வருடம் பவர்லூம் ஓட்டியவர். தறிச் சத்தத்தில் காது மந்தம். வீட்டில் அவரிடம் கத்தித்தான் பேசுவோம். ஆனால் அன்று திருப்பதி ஆஸ்பத்திரியில் நான் கத்தியது அதற்காக இல்லை.

நுரையீரலில் புற்றுநோய்க் கட்டி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் ஊசியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட்டார்கள். இரண்டாவது ஊசிக்கே பசி வந்தது, கன்னம் உப்பியது. "ஆளு தேறிட்டாரும்மா" என்றது தெரு. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன்.

நான்காவது ஊசிக்குப் பிறகு ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. டாக்டரம்மா நைனாவின் முகத்தையே பார்த்தார்.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"மாத்திரையே துன்றதில்லம்மா. செட்டு மட்டும்தான்."

நைனா சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்தார். டிகிரி இல்லாத டாக்டர் ஜெயச்சந்திரன், தோள்வலிக்கென்று தறிக்காரர்களுக்கு மடித்துத் தரும் நாலு மாத்திரைதான் செட்டு. எங்கள் தெருவில் டீ மாதிரி அது. யாரும் அதை மருந்தில் சேர்ப்பதில்லை.

டாக்டரம்மா அதில் குட்டி வெள்ளை மாத்திரையைத் தனியே எடுத்தார்.

"ஸ்டீராய்டு. காவல் காக்குற செல்கள் கட்டியைச் சுத்தி வந்து நிக்குதும்மா. கட்டி சுத்துப்புறத்தையே வளைச்சுப் போட்டு, அதுங்களைக் கையைக் கட்டி நிறுத்திடும். நம்ம ஊசி அவிழ்த்துவிடும். இந்த மாத்திரை அதுங்களைத் தூங்கவச்சிடும். பசியும் கன்னமும் இது குடுத்ததுதான்."

"அடப்பாவி! அந்தக் கன்னத்தை நான் கையெடுத்துக் கும்பிட்டேனே!" என்று கத்தினேன்.

"இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஒரேயடியா நிறுத்தவும் கூடாது, ஆபத்து. படிப்படியா குறைச்சிட்டு இன்னும் ரெண்டு ஊசி போட்டுப் பார்ப்போம்."

நேரே ஜெயச்சந்திரனிடம் போய்ப் பொட்டலத்தை மேசையில் வீசினேன்.

"வலி போச்சா இல்லியா? அத்த சொல்லு" என்றான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். பின்னால் வரிசையில் நின்றவர், "தள்ளிக்கம்மா, தறிக்கு நேரமாவுது" என்றார்.

மாத்திரை குறைந்து, போன வாரத்தோடு நின்றது. கன்னம் ஒட்டிப்போனது. "ஐயோ, எளைச்சிட்டாரே" என்று அதே தெரு உச்சுக் கொட்டுகிறது.

நாளைக்கு ஊசி. காலையிலிருந்து நைனா தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"தேவசேனா, புடுங்குதும்மா. ஒண்ணே ஒண்ணு வாங்கினு வா."

"வலிக்கட்டும்!" அவர் காதில் கத்தினேன். கத்திக்கொண்டே தோளில் தைலம் தேய்த்தேன். "நல்லா வலிக்கட்டும் நைனா. உள்ள இருக்கறதுங்க முழிச்சிக்கினு இருக்கட்டும்!"