அந்தோணியின் வரிசை

சத்தியமாக நடந்தது இது. கட்டுக்கதை என்று நினைப்பவர் இப்போதே எழுந்து போகலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. 2006 ஆகஸ்ட், ஒரு செவ்வாய்க்கிழமை. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் கம்பெனி. நள்ளிரவெல்லாம் கிடையாது, பட்டப்பகல்.

ஏஞ்சலின் அங்கே கம்ப்யூட்டரில் டிராயிங் போடுபவள். பிரஸ் மெஷினில் நிற்பவர்களின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவார்கள். மெஷின் இறங்கும்போது அது கையைப் பின்னால் இழுத்துவிடும். பதினான்கு பேர், ஆளுக்கு ஆள் கை நீளம் வேறு. அதற்காகப் பதினான்கு டிராயிங் போட்டு மாரடிக்க முடியுமா? ஒரே டிராயிங், அதனோடு ஓர் எக்செல் பட்டியல். வரிசைக்கு ஒரு பெயர், பக்கத்தில் சென்டிமீட்டரில் கை நீளம். எண்ணை மாற்றினால் திரையில் பட்டையும் மாறும், அளவு பார்க்க அவள் வரைந்து வைத்த கையும் மாறும். மற்ற கம்பெனிகளில் வரிசைக்கு நம்பர் கொடுப்பார்கள். இங்கே பெயர்தான்.

ஐந்தாவது வரிசை அந்தோணி. அவள் புருஷன். கல்யாணமாகி எட்டு மாதம்.

மணி 2.31. அந்தோணிக்கு நேரே 58 இருக்க வேண்டும். 49 இருந்தது. எவன் கை வைத்தானோ என்று திட்டிக்கொண்டே திருத்தினாள். கண்ணெதிரே அது 40 ஆனது...

நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினாள். மறுபடி 58 அடித்தாள்.

31.

திரையில் அந்தக் கைக்கு விரல்கள் இல்லை.

சுவருக்கு அப்பால் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. தொம்... தொம்... அந்தோணி அங்கேதான் நின்றான். சூப்பர்வைசர் பாக்கியநாதனுக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, அவர மெஷினாண்ட இருந்து தள்ளி நிக்கச் சொல்லுங்க!”

“இன்னாம்மா பேஜாரு? டார்கெட் ஓடிக்கினு இருக்குது.”

“உங்க கால்ல விழுறேண்ணே...”

வைத்துவிட்டார்.

22... 13... முழங்கையும் போய்விட்டது. ஐயோ, அவரை விட்டுடு என்று திரையைப் பார்த்துக் கும்பிட்டு அழுதாள்.

4.

பெயர் இருப்பதால்தானே? பெயரே இல்லாவிட்டால்?

அந்தோணி என்றிருந்த கட்டத்தை மட்டும் நீக்கினாள். சேவ் செய்து மூடினாள். மணி 2.44.

தொம்...

அப்புறம் ஓர் அலறல்.

செருப்பில்லாமல் ஓடினாள். அந்தோணி நின்றுகொண்டிருந்தான், இரண்டு கையும் முழுசாக. அத்தனை பேர் முன்னாலும் அவனைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

அடிபட்டவர் பக்கத்து மெஷின் ஆசீர்வாதம், மூன்று பெண்களுக்கு அப்பா. வலது கை போய்விட்டது. பட்டை அறுந்திருக்கவில்லை, சரியாகத்தான் கட்டியிருந்தது. விசாரிக்க வந்த தொழிற்சாலை ஆய்வாளருக்கும் காரணம் பிடிபடவில்லை.

“நம்மள மாதா காப்பாத்திட்டா,” என்றான் அந்தோணி. அவளும் அப்படித்தான் நம்பினாள்.

நான்காம் நாள் பட்டியலைத் திறந்தாள். எக்செல்லில் ஒரு கட்டத்தை நீக்கினால் கீழே இருப்பவை ஒரு படி மேலேறிவிடும். தினமும் செய்கிற வேலை, பதற்றத்தில் மறந்தே போனாள். எண்கள் அசையவில்லை, பெயர்கள் மட்டும் ஏறியிருந்தன. ஐந்தாவது வரிசையில் அந்தோணிக்குப் பதிலாக ஆசீர்வாதம்.

அவள் மூடும்போது அங்கே 4 இருந்தது. கடைசியாகச் சேவ் ஆன நேரம் அதே 2.44, பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை.

இப்போது அங்கே 0.