அவள் சொன்னதாக நான் சொன்னது

என் மகள் படிக்கட்டில் மண்டியிட்டாள். கால் இடறி விழுந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. இடது முட்டியைத் தூக்கி அடுத்த படியில் வைத்தாள், பிறகு வலதை.

"என்னம்மா, கால் பிசகிடுச்சா?"

"இல்லப்பா. நீங்க பக்கத்துல மெதுவா நடந்து வாங்க."

"எல்லாரும் பாக்குறாங்கம்மா."

"பாக்கட்டும். என்னை யாருக்கு இங்க தெரியும்?"

"நமக்கு இங்க என்ன வேண்டுதல்? நீ டாக்டர் வேற."

"டாக்டருக்கு முட்டி கிடையாதாப்பா?"

மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் நாயை இழுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். வழியில் யாரோ மண்டியிட்டு வருவது அவருக்கு விசித்திரமாகவே படவில்லை. ஆச்சரியப்பட்டவன் நான் ஒருவன்தான்.

பிரான்சின் தென்மேற்கில் இருக்கும் அந்த ஊரின் பெயர் ரொக்கமடூர். ஆழமான ஒரு பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறையில் வீடுகளை ஒட்டவைத்தாற்போல் இருக்கிறது. கீழே ஒரே ஒரு தெரு. அதற்கு மேல் வீடுகள், வீடுகளின் தலைக்கு மேல் கோயில்கள், கோயில்களின் தலைக்கு மேல் ஒரு கோட்டை. பல நூறு வருடங்களுக்கு முன்பு கட்டியது. முப்பது வருடத்துக்கு மேல் பொறியாளனாக இருந்தவன் நான். காரை விட்டு இறங்கியதுமே, இதைக் கட்டியவர்கள் சாரத்தை எங்கே ஊன்றியிருப்பார்கள் என்றுதான் பார்த்தேன். ஊன்ற இடமே தெரியவில்லை. அந்தத் தெருவிலிருந்து கோயில்களுக்கு ஏறும் நீண்ட கல்படிக்கட்டில் யாத்திரிகர்கள் முட்டியால் ஏறுவது வழக்கமாம். ராஜாக்கள்கூட அப்படி ஏறியிருக்கிறார்கள் என்று மகள் காரில் வரும்போது சொன்னாள். ஏதோ சுற்றுலாச் செய்தி என்று கேட்டுக்கொண்டேன். அவள் ஏறப்போகிறாள் என்று தோன்றவே இல்லை.

என் மருமகன் கத்தாரில், ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் வேலை பார்க்கிறார். கம்பெனி அவரைச் சில மாதப் பயிற்சிக்காகப் பிரான்சுக்கு அனுப்பியிருந்தது. மகளுக்கு ஷார்ஜாவில் ஆஸ்பத்திரி வேலை. நான் அவளோடு இருக்கிறேன். கோடையில் அவள் லீவு போட்டு என்னையும் அழைத்துக்கொண்டு கணவரைப் பார்க்க வந்தாள். அன்று அவருக்கு வகுப்பு இருந்ததால் நாங்கள் இருவர் மட்டும் இந்த ஊருக்கு வந்தோம்.

இனி சொல்லப்போவது பல வருடங்களுக்கு முன்பு ஷார்ஜாவிலும் தஞ்சாவூரிலும் நடந்தது.

மகள் பிளஸ் டூ படித்த வருடம் என் மனைவிக்கு உடம்பு முடியாமல் போனது. ஊரில் தன் அம்மாவோடு இருக்க வேண்டும் என்று மனைவி கேட்டதால் அவளைத் திருத்துறைப்பூண்டிக்கு அனுப்பிவைத்தேன். பொதுத்தேர்வு பாதி நடந்துகொண்டிருந்தபோது, உடனே வரும்படி தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து என் மைத்துனர் கூப்பிட்டார். மகளிடம், ராஸ் லஃபானில் ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் வேலை இருக்கிறது, போய்விட்டு வருகிறேன் என்று சொன்னேன். கம்பெனி என்னை அடிக்கடி அங்கே அனுப்பும், அதனால் அவள் சந்தேகப்படவில்லை. ஷார்ஜாவின் ரோலா பகுதியில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு காயல்பட்டினத்துக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பெரியம்மாளை நாங்கள் லாத்தா என்று கூப்பிடுவோம். மகளை அவர்களிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

என் மனைவிக்கு நினைவு தெளிவாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள்.

"பிள்ளை எங்கங்க?"

"பரீட்சை நடக்குதுல்ல."

"பரீட்சை கிடக்கட்டுங்க. பிள்ளைய ஒரு தடவை கண்ணுல காட்டுங்க."

"இன்னும் ரெண்டு பரீட்சைதான். முடிஞ்சதும் கையோட கூட்டிட்டு வர்றேன்."

அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன்பிறகு என்னிடம் பேசவில்லை. மறுநாள் விடிந்தபோது இல்லை.

நான் மகளிடம் சொல்லவில்லை. அது எனக்குப் பெரிய பாவமாகக்கூட அப்போது தோன்றவில்லை. வளைகுடாவில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும். ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால் அது பிள்ளையிடம் நேராக வராது. போர்மேனுக்கு வரும், அல்லது ரூமில் மூத்தவருக்கு வரும். சாரத்தின் மேல் நிற்கிறவனிடம் அதைச் சொல்லக் கூடாது. ட்யூட்டி முடிந்து இறங்கட்டும், லீவும் டிக்கெட்டும் கைக்கு வரட்டும் என்று காத்திருப்போம். அதுவரை அவனுடைய போனை ஏதாவது சாக்குச் சொல்லி யாராவது வாங்கி வைத்துக்கொள்வார்கள். நானே பல பேருக்கு இதைச் செய்திருக்கிறேன். ஒருமுறை ராஸ் லஃபானில், அரியலூர்ப் பக்கத்து வெல்டர் ஒருவன் சாரத்திலிருந்து இறங்கி வந்தான். வரிசையாக நின்ற எங்கள் முகங்களைப் பார்த்ததுமே, "யாரு சார், அப்பாவா அம்மாவா?" என்று கேட்டான்.

பரீட்சையையும் நான் ஒரு சாரமாகத்தான் நினைத்தேன். இறங்கட்டும், சொல்லலாம். ஆனால் அந்த வெல்டரின் அம்மா அவனைக் காட்டச் சொல்லி என்னிடம் கேட்கவில்லை. என் மனைவி கேட்டாள். இந்த வித்தியாசம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாதவன்போல இருந்துகொண்டேன்.

தகனம் முடித்து ஷார்ஜாவுக்குத் திரும்பியபோது லாத்தா என்னை வாசலிலேயே நிறுத்தினார். மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். லாத்தாவுக்கு நான் போனிலேயே விஷயத்தைச் சொல்லியிருந்தேன்.

"தம்பி, இது நல்லா இல்ல," என்றார் தணிந்த குரலில். "பெத்த தாயோட மவுத்தப் பிள்ளைக்கிட்ட மறைக்கிறதா? நான் அவளுக்குச் சோறு போடுறப்ப அவ முகத்தப் பாக்க முடியல. உங்களுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சு?"

அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். யோசிக்கவே இல்லை. தானாக வாயில் வந்தது.

"அவதான் சொன்னா லாத்தா. பரீட்சை முடியுற வரைக்கும் பிள்ளைக்குத் தெரியக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

லாத்தாவின் முகம் மாறியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "அல்லாவே, என்ன மனசு அந்தப் பிள்ளைக்கு," என்றார். என் மேல் இருந்த கோபம் முழுக்க அந்த நிமிடத்தில் போய்விட்டது. அது எவ்வளவு சுலபமாகப் போனது என்பதைப் பார்த்தேன். கடைசிப் பரீட்சை முடிந்த அன்று மகளிடமும் அதையே சொன்னேன். துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னேன், மகளோடு ஊருக்குப் போய் மைத்துனரிடம் சொன்னேன், பதினாறாம் நாள் பந்தியில் சொன்னேன். தாயென்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். சொல்லச் சொல்ல நானே பாதி நம்பினேன்.

படிக்கட்டில் பாதி ஏறியதும் அகலமான ஒரு கல்மேடை வந்தது. மகள் அங்கே உட்கார்ந்து முட்டிகளைத் தேய்த்துக்கொண்டாள். பேண்ட் துணி நைந்து தூசி அப்பியிருந்தது. தண்ணீர் குடித்தாள். பிறகு பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மா செத்தது எனக்கு அன்னிக்கே தெரியும்பா."

எனக்கு அந்த வாக்கியம் முதலில் புரியவே இல்லை. "என்னிக்கு?" என்றேன்.

"நீங்க கத்தார்ல இருக்கேன்னு சொன்னீங்கள்ல, அப்ப. அம்மா மொபைலுக்கு நானே போன் பண்ணேன். மாமாவோட சின்னப் பொண்ணு எடுத்தா. அப்ப அவளுக்கு நாலு வயசு இருக்குமா? 'அத்தைய எல்லாரும் தூக்கிட்டுப் போயிட்டாங்க, எங்க அப்பா மொட்டை அடிச்சுட்டாங்க'ன்னு சொன்னா."

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"போனை வச்சுட்டு என்ன பண்ணேன் தெரியுமாப்பா? கெமிஸ்ட்ரி புக்க எடுத்தேன். லாத்தா சாப்பிடக் கூப்பிட்டாங்க, போய்ச் சாப்பிட்டேன். ரெண்டு எக்ஸாமும் எழுதினேன். நல்லா வேற எழுதினேன். நீங்க வந்து சொன்னப்போ அப்பதான் கேக்குற மாதிரி அழுதேன்."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஊருக்குப் போகணும்ல. எனக்கு எழுதணும்னு இருந்துச்சு. மெடிக்கல் சீட் போயிடும்னு பயம். பதினேழு வயசுல செத்த அம்மாவவிட சீட்டுதான் எனக்குப் பெருசாத் தெரிஞ்சிருக்கு. இதை உங்க மாப்பிள்ளைகிட்டகூட நான் சொன்னதில்ல."

கீழே தெருவில் ஏதோ ஒரு பள்ளிக்கூடக் கும்பல் கத்திக்கொண்டு போனது. இத்தனை வருடமும் நான் என் மகளிடம் ஒரு செய்தியை மறைத்ததாக நினைத்திருந்தேன். நிஜத்தில், தாய் செத்ததைத் தெரிந்துகொண்ட ஒரு பெண்ணை ஆறுதலுக்கு ஆளில்லாமல் விட்டு, நடிக்கவும் வைத்து, அடுத்த அறையில் காபி குடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"அப்புறம் எப்படிம்மா இத்தனை நாளா..." என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். கண் ஈரமாக இருந்தாலும் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"நீங்க ஒண்ணு சொன்னீங்கள்லப்பா. அம்மாவே சத்தியம் வாங்கினாங்க, பரீட்சை எழுதணும்னு சொன்னாங்கன்னு. அந்த ஒண்ணுதான் என்னைக் காப்பாத்துச்சு. நான் கேவலமா நடந்துக்கிட்டாலும் அம்மா ஆசைப்பட்டதத்தான் பண்ணியிருக்கேன்னு நினைச்சுக்குவேன். அவங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லத்தான் இந்தப் படி. அம்மா வேளாங்கண்ணில மண்டி போட்டுப் போனாங்களே, ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி."

பிறகு எழுந்து, மறுபடியும் மண்டியிட்டு, மிச்சப் படிகளை ஏறத் தொடங்கினாள்.

நான் பக்கத்தில் நடந்தேன். ஒவ்வொரு படியிலும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, என் பொய்க்கு நன்றி சொல்ல, கல்லில் முட்டியைத் தேய்த்துக்கொண்டு போகிறாள். சொன்னால் அவள் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே பிடி போய்விடும். சொல்லாவிட்டால் இன்னும் இருபது வருடத்துக்கு அவள் அதற்கே நன்றி சொல்வாள். நான் சொல்லவில்லை. அவள் நலனுக்காக என்று அப்போது நினைத்தேன். லாத்தாவின் வாசலில் நின்றவன்தான் அங்கேயும் நின்றான் என்று இப்போது தெரிகிறது.

மேலே சின்னக் கோயில் ஒன்று, பாறையோடு பாறையாக. உள்ளே கரிய மரத்தாலான மாதா, ஒரு கைக்குழந்தை அளவுகூடக் கனம் இருக்காது, மடியில் பிள்ளை. கூரையில் சின்னச் சின்ன மரக்கப்பல்கள் தொங்கின. புயலில் தப்பிய மாலுமிகள் கொடுத்தவையாம். சங்கிலிகளும் இருந்தன. மகள் தன் போனில் படித்துச் சொன்னாள்: அந்தக் காலத்தில் குற்றவாளிகளைத் தண்டனையாகவே இந்த ஊருக்கு அனுப்புவார்களாம். கையிலும் கழுத்திலும் சங்கிலியோடு மண்டியிட்டு ஏறிவந்து, செய்ததைப் பாதிரியார் முன்னால் வாயால் சொன்ன பிறகுதான் சங்கிலியைக் கழற்றுவார்களாம். "நல்ல சிஸ்டம்ல?" என்று சிரித்தாள். நான் வெளியே காற்றுக்கு வந்துவிட்டேன்.

மதியம் ஒரு கடையில் ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் சாப்பிட்டோம். அவளுக்கு நல்ல பசி. "அப்பா, உடம்புல ஏதோ எறங்கின மாதிரி இருக்கு," என்றாள். என் தட்டில் இருந்ததையும் எடுத்துச் சாப்பிட்டாள். அவளை அவ்வளவு லேசாக நான் பார்த்ததே இல்லை. நான் தட்டையே அவள் பக்கம் தள்ளிவைத்தேன்.

ஷார்ஜா திரும்பியதும் இதை எழுத ஆரம்பித்தேன். என் மகளுக்குத் தமிழ் படிக்க வராது. பள்ளியில் இரண்டாம் மொழியாக இந்தி படித்தவள். அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். போன வாரம் ட்யூட்டியிலிருந்து வந்தவள், சாப்பாட்டு மேசையில் இந்தத் தாள்களைப் பார்த்தாள்.

"என்னப்பா எழுதுறீங்க, டெய்லி? ரொக்கமடூரா?"

"ஆமா."

"படிச்சுக் காட்டுங்க. என்னைக் கிண்டல் பண்ணியிருந்தீங்கன்னா பாருங்க."

ஆஸ்பத்திரிக் காட்சியைத் தாண்டிவிடலாம். அவளுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தை எடுத்துக் கீழே வைக்கக்கூடச் செய்தேன். பிறகு மறுபடியும் எடுத்து, ஒரு வரி விடாமல் படித்தேன். "பிள்ளைய ஒரு தடவை கண்ணுல காட்டுங்க" என்ற இடத்தில் நிறுத்தினேன். அந்த வரியை மறுபடியும் படித்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டைத் தள்ளிவைத்த இடம்வரை படித்து முடித்தேன். அந்த இடத்துக்குப் பிறகு உள்ளது பின்னால் சேர்த்தது.



"அம்மா இதே வார்த்தையாப்பா சொன்னாங்க?"

"இதேதான்."

"பரீட்சை கிடக்கட்டும்னு?"

"ஆமாம்மா."

"சொவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாங்களா, இல்ல நீங்க எழுதுறதுக்காகச் சேத்துக்கிட்டீங்களா?"

"திரும்பிக்கிட்டா."

அவள் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கைகளையே பார்த்தேன். "பத்திரிகைக்கு அனுப்பலாம்னு இருந்தேன். கிழிச்சுப் போட்டுடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். அனுப்புங்க." குரல் எனக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. "அம்மாதான் சத்தியம் வாங்கினாங்கன்னு நீங்க யார் யார்கிட்ட சொன்னீங்களோ, அவங்க எல்லாரும் படிக்கட்டும். அம்மா என்னைக் கேட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியணும். லாத்தாவுக்கு மட்டும் நான் சொல்லிக்கிறேன்."

போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மன்னித்தேன் என்று அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அனுப்பச் சொன்னாள், அனுப்புகிறேன்.