இறங்காத கஸ்பார்

"வண்டியில ஏறிட்டேன்னா, போப்பாண்டவரே எதிர வந்தாலும் எறங்க மாட்டேன் பாய்."

தாப்பாப் பட்டணத்தில் மீரா சாஹிப்பின் காப்பிக்கடையில் வைத்து கஸ்பார் இப்படிச் சொன்னான். மீரா சாஹிப் ஆற்றிக்கொண்டிருந்த காப்பி குவளைக்குள் விழாமல் அவர் காலில் விழுந்தது. போப்பாண்டவர் தாப்பா பக்கம் வருவதாகத் தகவல் ஏதும் இல்லை. அந்த மட்டில் ஆபத்தில்லை. ஆனால் மீரா சாஹிப் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "துரை வந்தா?" என்று கேட்டுத் தொலைத்தார்.

"துரையும் ஆளுதானே லா."

அதுதான் வினை.

இந்த வார்த்தையின் பயங்கரம் விளங்க வேண்டுமானால் அந்தக் காலத்துத் தோட்டச் சட்டம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்தை ஆளும் வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால், சைக்கிளில் போகும் தமிழன் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத சட்டம். அதனாலேயே யாரும் மீறாத சட்டம்.

ஆறாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் அதை உயிரினும் மேலாகக் காத்துவந்தவர் கஸ்பாரின் தகப்பனார், ஆபீசில் கணக்கெழுதும் கிராணி மரியஜோசப். துரையைக் கண்டால் இறங்குவார். துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் மேட்டுக்கு அந்தப் பக்கம் கேட்டாலே இறங்கி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தலை குனிந்து நிற்பார். துரையின் நாய் தனியாக வந்தாலும் இறங்கிவிட்டு, பின்னால் துரை வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பார். சைக்கிளை அவர் ஓட்டிய தூரத்தைவிடத் தள்ளிய தூரமே அதிகம். "கிராணியாரே, இத வித்துட்டு நல்ல செருப்பா வாங்குங்களேன்" என்று அப்பாவு கங்காணி பலமுறை யோசனை சொல்லியிருக்கிறார்.

இப்படிப்பட்டவருக்கு இப்படியொரு பிள்ளை.

துரை முதன்முதலாக மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்த நாளில், லயத்துப் பெண்கள் குழந்தைகளை அள்ளிக்கொண்டு ரப்பர் காட்டுக்குள் ஓடினார்கள். மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டன. சின்னப் பையன் கஸ்பார் மட்டும் புகையைப் பார்த்து ஓடினான். அன்று அவன் தலைக்கு ஏறிய பெட்ரோல் வாசனை அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. வாயாலேயே புடுபுடுவென்று ஓட்டிக்கொண்டுதான் சோற்றுத் தட்டுக்கு முன்னால் வந்து உட்காருவான்.

ஞானோபதேச வகுப்பில் ஒருநாள் சாமியார், பரிசுத்த ஆவியாகிய இஸ்பிரீத்துசாந்து சீடர்கள்மேல் எப்படி இறங்கி வந்தார் என்று கேட்டார். பெருங்காற்றின் இரைச்சலோடும் நெருப்போடும் என்று மற்ற பிள்ளைகள் ஒழுங்காக ஒப்பித்தார்கள். கஸ்பார் எழுந்து, "மோட்டார் சைக்கிள்ல, சாமி" என்றான். இரைச்சலும் நெருப்பும் சேர்ந்து வருகிற வேறு வாகனம் எதையும் அவன் கண்டதில்லை. சாமியார் சிலுவை போட்டுக்கொண்டு, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வளர்ந்ததும் தகப்பனார் பார்த்துவைத்த சின்னக் கிராணி வேலையை உதறிவிட்டு, ஈப்போவில் தவுக்கே என்கிற சீன முதலாளி ஒருவரின் மோட்டார் பட்டறையில் சேர்ந்தான். முத்துமுத்தாக எழுதுகிற பிள்ளை கையில் கிரீஸைப் பூசிக்கொள்கிறானே என்று தாயார் ரோசரியம்மா படுத்த படுக்கையானாள். அவன் அதைவிடப் பெரிய காரியத்தில் இருந்தான். ஈயம் தோண்டும் லம்பத்து வெள்ளைக்காரன் ஒருவன் ஓட்டித் தீர்த்துப் போட்டுவிட்டுப்போன மோட்டார் சைக்கிள் ஒன்று பட்டறை மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது. அதைத் தவுக்கேயிடம் கெஞ்சி வாங்கி, வருஷக்கணக்கில் ஒவ்வொரு உறுப்பாக உயிர் கொடுத்து, கைப்பிடியில் ஒரு ஜெபமாலையும் கட்டி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் ஒருநாள் அதன்மேல் ஏறித் தாப்பாவுக்கு வந்து, மேற்படி காப்பிக்கடை வாக்கையும் அருளிவிட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்தான்.

சிற்றாற்றுப் பாலத்தண்டை துரை நின்றுகொண்டிருந்தார். அவருடைய வண்டி நின்றுபோயிருந்தது. அதை உதைத்து உதைத்து முகம் சிவந்துபோயிருந்தார். கஸ்பார் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, இருக்கையை விட்டு எழுந்திருக்காமலே பேசினான்.

"பிளக்குல எண்ணெ அடைச்சிருக்கு தொரை. கழத்தித் தொடைச்சிட்டு ஓட்டுங்க."

துரை இருந்த அதிர்ச்சியில் சொன்னபடியே செய்தார். வண்டியும் கிளம்பிவிட்டது. பங்களா வாசலுக்குப் போன பிறகுதான், ஒரு தமிழன் உட்கார்ந்திருக்கத் தாம் நின்றிருந்தது அவருக்கு உறைத்தது.

பாலத்துக்கு அப்பால் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த காளியம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். அன்று வெட்டிய மரங்களில் பாதிக்குப் பால் பிடிக்கும் மங்கு வைக்க மறந்துபோனாள். பொழுது சாய்வதற்குள், துரை கஸ்பாருக்குச் சலாம் போட்டார் என்கிற அளவுக்குச் செய்தி வளர்ந்திருந்தது. கால் இரண்டும் தரையில் இருந்தபடியால் இறங்கியதாகவே கொள்ளலாம் என்று அப்பாவு கங்காணி வாதாடிப் பார்த்தார். இறங்குவது என்பது கால் சம்பந்தப்பட்டதல்ல, உட்காரும் இடம் சம்பந்தப்பட்டது என்று ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பங்களாவிலிருந்து உத்தரவு வந்தது. சனிக்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்குப் போகுமுன் தோட்டமே வரிசையாக நிற்கும்போது, கஸ்பார் அந்த வண்டியில் வந்து, எல்லோர் கண்ணும் பார்க்க இறங்க வேண்டும். இல்லையென்றால் கிராணிக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. மகன் இறங்குவானா என்று தாயார் தகப்பனைப் பார்த்தாள். தகப்பன் என்ன சொல்வார் என்று மகன் சுவரைப் பார்த்தான். கடைசியில் மரியஜோசப் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எறங்காத."

ரோசரியம்மாவின் கையிலிருந்த அகப்பை விழுந்தது.

"எறங்காதடா. நான் எறங்குனதே நம்ம பரம்பரைக்குப் போதும்."

இதைச் சொல்லிவிட்டு, சொன்னது தாம்தானா என்பதுபோல ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து சட்டிபானைகளைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தார்.

விடியுமுன்பே கஸ்பார் தாப்பாவுக்குப் போய், சாமான்களை ஏற்ற மாட்டுவண்டிக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினான். இறங்காமல் துரையைத் தாண்டிப் போய்விடுவது, வேலை போனால் எல்லோரும் ஈப்போவுக்குக் கிளம்பிவிடுவது என்று ஏற்பாடு. தோட்டத்து வாசலுக்குள் திரும்பினான். தூரத்தில் ஆபீஸ் படிக்கட்டின்மேல் துரை, கையில் பிரம்போடு. படிக்கட்டுக்குக் கீழே தோட்டமே வரிசையாக நின்றது. வாசலுக்கும் ஆபீசுக்கும் நடுவழியில், கடைசியாக ஒருமுறை ஆபீசுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார் மரியஜோசப்.

பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். முந்தின நாள் பேசிய வீரமெல்லாம் காலுக்கு எட்டவில்லை போலும். கால் தன் பழக்கத்தைச் செய்தது. அவர் இறங்கினார். ஓரமாக ஒதுங்கினார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார்.

கஸ்பார் பக்கத்தில் வந்து பார்த்தான். எஞ்சினை அணைத்தான். காலைத் தூக்கி இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரே நின்றான்.

படிக்கட்டில் நின்ற துரைக்கு, வண்டி நின்றதும் ஆள் இறங்கியதும் நன்றாகத் தெரிந்தன. அவருக்கு அது போதும். பிரம்பை ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு, பசியாற உள்ளே போனார். கிராணி வேலை பிழைத்தது.

மரியஜோசப் அதைக் கவனிக்கவில்லை. எதிரே ஒருவன் வண்டியை விட்டு இறங்கி நிற்கிறான் என்று கண்டதும் அவர் தமக்குப் பின்னால் துரை வந்து நிற்கிறாரா என்று அவசரமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.