நூற்றுக்கு ஐம்பது தப்பு

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் சால்டரிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக எலக்ட்ரானிக் போர்டுகளுக்கு ஈயம் வைத்து ஒட்டுகிறவள். ரொட்டிப் பெட்டி அளவுக்கு அவர்கள் செய்த குட்டிச் செயற்கைக்கோளில், ரேடியோ போர்டு முழுக்க அவள் கைவேலை. அது மேலே போய்ப் பதினொரு நாளாயிற்று. ஒரு செய்திகூட உருப்படியாக வந்து சேரவில்லை.

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவளை அரித்தது. ரேடியோ போர்டில் ஏதாவது விட்டுப்போயிருக்கலாம் என்று துறைத்தலைவர் பொதுவாகச் சொல்லிவைத்தார். இன்று மத்தியானம் அது தலைக்கு மேல் வரும்போதும் இதே கதையென்றால், செத்துவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார். அந்த போர்டில் கை வைத்தது யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ரேடியோ அலையைக் கணினியில் பிடித்துப் பூஜ்யமும் ஒன்றுமாக மாற்றும் புரோகிராமை எழுதியவனுக்குக் கண்ணாடி என்று பட்டப்பெயர். அவன் கணக்கில், பிட் எனப்படும் அந்தப் பூஜ்யம், ஒன்றுகளில் நூற்றுக்கு ஐம்பது தப்பு. காசைச் சுண்டிப் பார்த்து எழுதினாலே பாதி சரியாக வந்துவிடும். அதாவது வெறும் இரைச்சல். படித்தவர்கள் அத்தனை பேரும் அந்த ஐம்பதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்களே தவிர, எந்தெந்த பிட் தப்பு என்று ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. சராசரி என்று ஒன்று கிடைத்துவிட்டால் பெரிய மூளைகளுக்கு அதுவே போதும்.

அக்காவுக்குச் சராசரியெல்லாம் ஒத்துவராது. ஒவ்வொரு முனையாகப் பார்த்துத்தான் பழக்கம். செயற்கைக்கோள் இடையிடையே ஒரு சோதனைச் செய்தி அனுப்பும். அது என்னவென்று இங்கே முன்பே தெரியும். அதையும் வந்து சேர்ந்ததையும் மேலும் கீழுமாக அச்சடித்துத் தரச் சொன்னாள். கட்டம் போட்ட சட்டைக்குப் பை தைக்கும்போது தையல்காரரான அவள் வீட்டுக்காரர் இப்படித்தான் கோட்டோடு கோடு வைத்துப் பார்ப்பார். மாறியிருந்த இடத்திலெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டே போனாள்.

பாதி தூரம் வரை ஒரு புள்ளிகூட விழவில்லை. அதற்கப்புறம் புள்ளி விழாத இடமே இல்லை.

"தம்பி, இங்க வாப்பா. பாதி வரைக்கும் எல்லாமே சரி. அப்புறம் எல்லாமே தப்பு. இரைச்சலுக்கு ஏதுப்பா இவ்வளவு ஒழுங்கு?"

கண்ணாடி அந்தத் தாளை வாங்கித் தன் புரோகிராமோடு வைத்துப் பார்த்தான். அலையைத் துரத்திப் போகும்போது அவன் புரோகிராம் ஒவ்வொரு செய்தியிலும் நடுவழியில் ஒரு தடவை தடுக்கி, அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து பூஜ்யமெல்லாம் ஒன்று, ஒன்றெல்லாம் பூஜ்யம். தடுக்கிய இடத்தைக் கண்டுபிடித்துத் திருப்பிப் போடும்படி சில வரிகள் சேர்த்தான். சேமித்து வைத்திருந்த பழைய பதிவுகளையே முதலில் ஓட்டினான்.

திரையில் வரிகள் இறங்கின. முதல் நாள், வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு, பேட்டரி நலம். இரண்டாம் நாள், மூன்றாம் நாள், பதினோராம் நாள். தலைக்கு மேல் போன ஒரு தடவைகூட அது வாய் மூடியிருக்கவில்லை. ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்தில், அந்தக் குளிரில், அவள் வைத்த கடுகளவு ஈயத்தைத் தாண்டித்தான் இத்தனையும் வந்திருக்கிறது. அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று.

துறைத்தலைவர் ஓடிவந்து, உயிர் வந்துவிட்டதா என்று கேட்டார்.

"முதல் நாள்லேருந்தே பேசிக்கிட்டுதான் இருந்திருக்கு, சார்," என்றாள். "நாம செத்துப்போச்சுன்னு எழுதி எல்லாத்தையும் அணைச்சிருந்தாலும், அது பாட்டுக்குப் பேசிக்கிட்டே சுத்தியிருக்கும்."