பத்துக் கோடும் பொய்யாப் போட்டனான்

என்ர மகள் துளசிக்கு இப்ப எட்டு வயது. உழவு மெஷின் சத்தம் கேட்டாலே கட்டிலுக்குக் கீழ பூந்து, தன்ர மணிக்கட்டைத் தானே கடிப்பாள். சோத்துக் கோப்பையை மாத்தி வைச்சாலும் கத்தல்தான். பிடிவாதம் எண்டு நினைச்சுப் பூவரசம் தடியால அடிச்சனான். அடிக்க அடிக்கக் கூடிச்சுதே தவிரக் குறையேல்ல. "நாவூறு பட்டிட்டுது" எண்டு சனத்துக்குச் சொல்லிக்கொண்டு திரிஞ்சன். உள்ளுக்குள்ள வேறொண்டு என்னை அரிச்சுக்கொண்டிருந்தது.

அவள் வயித்தில இருக்கேக்க, பிள்ளை துடிக்கிறதை ஒவ்வொரு நாளும் எண்ணி, துடிப்புக்கு ஒண்டாப் பத்துக் கோடு போடச் சொல்லி மிட்வைஃப் அக்கா ஒரு அட்டை தந்தவா. முரசுமோட்டையில எங்களுக்கு அப்ப நெல்லு அரிவுவெட்டு நேரம். வெட்டுக்காரருக்குச் சமைக்கிறதோ, இருந்து எண்ணுறதோ? ஏச்சு விழும் எண்டு பின்னேரத்தில ஒரேயடியாப் பத்துக் கோட்டையும் இழுத்துவிடுவன். கடைசி ரெண்டு நாளும் பிள்ளை அசையிறது நல்லாக் குறைஞ்சிட்டுது. எனக்குத் தெரியும். நெல்லு ஏத்தி முடியட்டும், பிறகு போவம் எண்டு இருந்திட்டன். ஐயோ, அந்த ரெண்டு நாளும் பத்துப் பத்துக் கோடு போட்டனான்.

பிள்ளை நீலம் பாரிச்சுப் பிறந்தது. அழேல்ல. ஆசுப்பத்திரி மெஷினில வைச்சுத்தான் காப்பாத்தினவை. அட்டையைப் பாத்திட்டு எல்லாரும் "துடிப்பு நல்லாத்தானே இருந்திருக்கு" எண்டினம். நான் வாய் திறக்கேல்ல. என்ர மனுசனுக்கும் சொல்லேல்ல. எட்டு வருசம்!

போன மாசம் பள்ளிக்கூடத்தில, பிள்ளையைக் கிளினிக்கில காட்டச் சொல்லிச்சினம். கிளினிக்குக்கு முந்தின திங்கக்கிழமை வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போனன். "தாயே, இவளின்ர குணத்தை மாத்திவிடு" எண்டு அங்க எத்தினையோ தரம் கேட்டிருக்கிறன். அண்டைக்கு அது வாயில வரேல்ல. "அம்மாளாச்சி, நான் பொய்க் கோடு போட்டனான். சொல்லுறதுக்குத் துணிவைத் தா" எண்டுதான் வந்தது. குழறி அழுதன்.

கிளினிக்கில டொக்டர் அம்மா பிள்ளை பிறந்ததைப் பற்றிக் கேட்டா. மனுசன் பக்கத்துக் கதிரையில. ஆனாச் சொன்னன், ஒண்டும் விடாமல் சொன்னன். அம்மாளாச்சிதான் சொல்ல வைச்சவா.

டொக்டர் என்னை ஏசேல்ல. "அதாலதான் எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது அம்மா. ஆனா வயித்துக்க ஒட்சிசன் குறைஞ்ச பிள்ளையளில சிலதுக்கு இப்பிடிப் பயமும் பதட்டமும் கூடவா இருக்கும். இது பிடிவாதமில்ல. அடிக்காதேங்கோ. எதையும் முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லுங்கோ" எண்டா.

திரும்பி வந்ததும் மனுசன் வீட்டுப் படலையடியில நிண்டு, "நீ அப்பவே சொல்லியிருந்தா, பிள்ளை இவ்வளவு அடி வாங்கியிராள்" எண்டார். அது உண்மைதான்.

இப்ப உழவு மெஷின் ஸ்ராட் பண்ண முதல் அவர் துளசியிட்ட வந்து, "அம்மாச்சி, சத்தம் வரப்போகுது" எண்டு சொல்லுவார். அவள் காதைப் பொத்திக்கொண்டு நிப்பாள். கட்டிலுக்குக் கீழ ஓடுறது குறைஞ்சிட்டுது. ஆனா நான் சீப்பால தலை இழுக்கக் கையைத் தூக்கினா இப்பவும் ஒடுங்குவாள். அதுக்கு ஒட்சிசன் காரணமில்ல. நான்தான்.

என்னைப்போல மனசில ஒண்டை மறைச்சு வைச்சிருக்கிற தாய்மார் இருந்தா, அம்மாளாச்சியிட்டப் போங்கோ. அவாவுக்கு ஒளிக்க ஏலாது, ஒளிக்கத் தேவையுமில்ல. வயித்துப்பிள்ளை அசையிறது குறைஞ்சா, எந்த வேலையையும் போட்டிட்டு ஆசுப்பத்திரிக்கு ஓடுங்கோ.

முந்தநாள் துளசி தானாவே சீப்பை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால இருந்தாள். "மெதுவா இழுங்கோ அம்மா" எண்டாள். தாயே, இவ்வளவு தா எண்டு நான் கேக்கவேயில்லையே.